விற்கப்பட்டவர்களின் காதல்

1949ஆம் ஆண்டு. ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் மலைப்பகுதியில் வசோராஸ் என்றொரு சிற்றூர். நூறாண்டுக்கு முன்பு உலகச் சந்தைக்குக் காப்பி அனுப்பிய ஊர் அது. 1949இல் சத்துப்போன மண்ணும் இடிந்த பண்ணை மாளிகைகளும்தான் மிச்சம். ஸ்டான்லி ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனைவி பார்பராவுடன் அங்கே வந்து தங்கி, காப்பித் தோட்டங்களின் பழைய ஆவணங்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஆவணங்களில் அடிமைகள் இருந்தார்கள். பெயராக, வயதாக, விலையாக இருந்தார்கள். அது போதாது என்று அவருக்குப் பட்டது. ஒலியைக் கம்பியில் பதியும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அடிமைகளின் வழிவந்த முதியவர்களைத் தேடிப் போனார். அவர்கள் அவருக்குப் பாடிக் காட்டினார்கள். அந்தப் பாட்டுக்கு ஜோங்கோ என்று பெயர்.

1957இல் ஸ்டைனின் நூல் வெளிவந்தது. அடிமைமுறை பற்றிய ஆய்வில் இன்றுவரை பேசப்படும் நூல் அது. ஆனால் பாட்டுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் கம்பிச் சுருளிலேயே கிடந்தன. சில்வியா லாரா, குஸ்தாவோ பாச்செகோ என்ற இரு பிரேசில் ஆய்வாளர்கள் பாடுபட்டு 2007இல்தான் அவை புத்தகமும் ஒலித்தட்டுமாக மக்களிடம் போய்ச் சேர்ந்தன. மொழி புரியாமல்தான் நாங்களும் அவற்றைக் கேட்டோம். கரகரப்புக்கு நடுவில் ஒரு முதிய குரல் எழும்பி, இரண்டு அடி பாடி, நின்றுவிடுகிறது. அந்த இரண்டு அடிக்குள் என்ன இருக்கிறது என்று தேடப் போனதில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

பிரேசிலின் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு சொல்லில் ஆரம்பிப்பார்கள்: சவுதாதே. பிரிந்தவரை, இழந்த ஊரை, திரும்பி வராத காலத்தை நினைத்து மனம் ஏங்குவது. போர்த்துகீசிய மொழியில் மட்டுமே உள்ள சொல், வேறு எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது என்று பெருமை பேசுவார்கள். கப்பலேறிப் போன மாலுமிகளும் கரையில் காத்திருந்த பெண்களும் உண்டாக்கிய உணர்வு என்று அதற்கு ஒரு பிறப்புக் கதையும் சொல்வார்கள். கதை பொய்யில்லை. நான்கடிக் கண்ணிகளும், பத்து நரம்பு வியோலாவும், கார்னேஷன் பூவும் ரோஜாவும் சண்டை போட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக் குழந்தைகள் வட்டமாகச் சுற்றி ஆடும் பாட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குதான்.

ஆனால் கப்பலில் போனவர்கள் மாலுமிகள் மட்டுமா? மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசில் கரையில் இறக்கப்பட்டவர்கள் சுமார் 48 லட்சம் பேர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலத்துக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். இந்த 48 லட்சம் பேருக்கும் கரையில் யாரோ காத்திருந்தார்கள். அவர்களுடைய ஏக்கத்துக்கு அந்தப் பிறப்புக் கதையில் இடம் இல்லை.

அவர்களுடைய ஏக்கத்துக்கு வேறு பெயர் இருந்தது. பான்சோ. ஆப்பிரிக்க பாண்டு மொழிகளிலிருந்து வந்ததாகக் கருதப்படும் சொல். பான்சோ பிடித்தவர் உண்ண மாட்டார், பேச மாட்டார், மெலிந்து மெலிந்து செத்துப்போவார். லூயிஸ் அந்தோனியோ தெ ஒலிவெய்ரா மெந்தெஸ் என்பவர் 1793இல் லிஸ்பன் அறிவியல் கழகத்துக்கு அடிமை வணிகம் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். அடிமைகளைக் கொல்லும் நோய்களின் வரிசையில் பான்சோவையும் அதில் சேர்த்தார். அதன் காரணங்களாக அவர் எழுதியவற்றைப் பாருங்கள்: சொந்த மக்களையும் மண்ணையும் நினைத்த ஏக்கம், ஒருவர் மேல் கொண்ட அன்பு, தனக்கு இழைக்கப்பட்ட துரோகம், இழந்த விடுதலையைப் பற்றிய ஓயாத யோசனை. மாலுமிக்கும் அவன் காதலிக்கும் வந்தால் அது கவிதை. அங்கோலாவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவருக்கு வந்தால் அது நோய். சரக்குச் சேதக் கணக்கில் ஒரு வரி. ஒரே உணர்வுக்கு இரண்டு சொல் வைத்திருந்த சமூகம் அது.

அடிமைகளுக்குக் காதலும் இல்லை, குடும்பமும் இல்லை என்ற எண்ணம் எஜமானர்களிடம் மட்டும் இருந்திருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். அவர்கள் மேல் இரக்கம் கொண்டவர்களும் அதையே சொன்னார்கள். சார்ல் ரிபெரோல் என்ற பிரெஞ்சுக்காரர் விக்டர் ஹியூகோவின் நண்பர். குடியரசுக் கொள்கைக்காக நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர். 1850களின் இறுதியில் பிரேசிலுக்கு வந்து காப்பித் தோட்டங்களைப் பார்த்தார். அடிமைகள் அடைக்கப்பட்ட குடியிருப்பை சென்சாலா என்பார்கள். அந்தக் குடிசைகளில் ஒரு பூவைக்கூடத் தாம் பார்த்ததில்லை என்றும், அங்கே நம்பிக்கையும் இல்லை, நினைவுகளும் இல்லை என்பதே காரணம் என்றும் அவர் எழுதினார். கொடுமையைக் கண்டித்துத்தான் எழுதினார். ஆனால் கண்டிக்கிற வேகத்தில் அந்த மக்களின் மனதையே காலி செய்துவிட்டார். இப்படிப்பட்ட இரக்கத்தை நம் வாசகர்கள் வேறு இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். 'பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்' என்கிற இரக்கம்.

இதற்குப் பதில் வர 140 ஆண்டுகள் ஆயின. ராபர்ட் ஸ்லேன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1999இல் எழுதிய நூலின் பெயரே 'சென்சாலாவில் ஒரு பூ' என்று பொருள்படும். சாவ் பாவ்லோ மாநிலத்தின் காம்ப்பினாஸ் பகுதியில் அடிமைப் பதிவேடுகளையும் தேவாலயத் திருமணப் பதிவேடுகளையும் அவர் புரட்டினார். பெரிய தோட்டங்களில் வயதுவந்த அடிமைப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முறைப்படி மணமானவர்களாகவோ கணவனை இழந்தவர்களாகவோ இருந்தது தெரியவந்தது. தலைமுறைகளாகத் தொடர்ந்த குடும்பங்களும் இருந்தன. மணமான இணைக்குத் தனியறை கிடைத்தது. அதைவிட முக்கியமாக, தனி அடுப்பு கிடைத்தது. அந்த அடுப்பில் எந்த வெப்பமான இரவிலும் கங்கு அணையாமல் வைத்திருந்தார்கள். வந்துபோன வெள்ளையர்கள் இந்தப் புகையைப் பார்த்து, இது என்ன காட்டுமிராண்டிப் பழக்கம் என்று எழுதி வைத்தார்கள். மத்திய ஆப்பிரிக்காவில் வீட்டுத் தீ என்பது மூதாதையரோடு உள்ள தொடர்பு என்பதை ஸ்லேன்ஸ் எடுத்துக்காட்டினார். ரிபெரோல் தேடிய பூ அடுப்பில் இருந்தது. அவருக்குப் பூச்சாடியில் தேடித்தான் பழக்கம்.

ஜோங்கோவுக்கு வருவோம். சனிக்கிழமை இரவிலோ புனிதர் திருநாளிலோ, எஜமானின் அனுமதி பெற்று, தீ மூட்டி, அதைச் சுற்றி ஆடுவார்கள். தம்பு அல்லது கஷம்பு எனப்படும் பெரிய முரசு ஒன்று, காந்தொங்கேய்ரோ எனப்படும் சிறிய முரசு ஒன்று. இரண்டும் மரத்தைக் குடைந்து தோல் போர்த்தியவை. ஆடும் முன் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றிச் சுருதி சேர்ப்பார்கள். அது ஏன் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் முன்வந்து ஓர் அடி போடுவார். அது பெரும்பாலும் புதிராக இருக்கும். மாடு, மரம், எறும்பு, கோடாலி என்று வெளிப்பேச்சுக்கு ஒன்று, உள்ளே வேறொன்று. கூட்டம் அதைத் திரும்பப் பாடும். இன்னொருவர் புதிரை அவிழ்த்துப் பதில் போடும்வரை அதே அடி சுற்றிக்கொண்டிருக்கும். கட்டுவது, அவிழ்ப்பது என்பதே அவர்கள் வழக்கு. நடுவில் ஆணும் பெண்ணுமாக ஓர் இணை ஆடும். நெருங்கி வந்து வயிற்றோடு வயிறு மோதுவதுபோல் வந்து விலகும். உம்பிகாதா என்று அதற்குப் பெயர். பாதிரிகளுக்கு அதைக் கண்டால் ஆகாது. சில ஊர்களில் முரசாட்டத்தையே தடை செய்து விதி போட்டார்கள்.

காப்பிச் செடிகளுக்கிடையே வரிசையாக நின்று களை கொத்தும்போதும் இதே பாட்டுதான். மேற்பார்வையாளன் வருகிறான் என்ற எச்சரிக்கையும் அதிலேயே போகும். எஜமானைக் கேலி செய்வதும் அதிலேயே. காதலும் அதிலேயே. இதை நாட்டுப்புறப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் பலர் சரியாகப் பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் காதல் பாட்டைத் தனிக் கட்டாகவும் தொழில் பாட்டைத் தனிக் கட்டாகவும் பிரித்து வைத்தார்கள். விற்கப்படக்கூடிய ஒருவர் இன்னொருவரை விரும்புவதில் எது அரசியல், எது அந்தரங்கம்? மாலையில் சந்திக்கலாம் என்ற சொல்லையே புதிராக்கிப் பாட வேண்டியிருந்த இடத்தில் அந்தக் கோடு எங்கே விழும்?

விற்கப்படக்கூடிய என்று சொன்னோம். அது நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1850இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் கொண்டுவருவது உண்மையாகவே நின்றது. 1831இலேயே ஒரு தடைச் சட்டம் இருந்தது. ஆங்கிலேயர் கண்துடைப்புக்குப் போட்ட சட்டம் என்று ஊரே சிரித்தது. கடல்வழி வரத்து நின்றதும் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. வடகிழக்கில் கரும்பும் பருத்தியும் நொடித்துக்கொண்டிருந்தன. பாயியா, மரன்யாவ், சியாரா பகுதிகளிலிருந்து பல்லாயிரக்கணக்கானவர்களை வாங்கித் தெற்கே அனுப்பினார்கள். கடல் கடந்த பிரிவு ஒரு தலைமுறைக்கு நேர்ந்தது என்றால், நாட்டுக்குள்ளேயே இரண்டாவது பிரிவு அடுத்த தலைமுறைக்கு நேர்ந்தது. கணவனை மனைவியிடமிருந்தும், பிள்ளையைத் தாய் தந்தையிடமிருந்தும் பிரித்து விற்கக் கூடாது என்று 1869 செப்டம்பரில்தான் ஆணை வந்தது. அதிலும் 15 வயது தாண்டிய பிள்ளையை விற்கலாம். அதற்கு முன்னால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்ன நடந்திருக்கும் என்பதை அந்த ஆணையே காட்டிக்கொடுக்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் போடுவதில்லை.

இங்கே ஜங்காதாவைப் பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்குக் கடற்கரையின் பாய்மரக் கட்டுமரம் அது. பிரேசில் பாட்டிலும் ஓவியத்திலும் அது காதல் சின்னம். மீனவன் போகிறான், அவள் கரையில் நிற்கிறாள். போர்தலேசா துறையில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. எனவே தெற்கே விற்கப்பட்ட அடிமைகளைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிப்போனதும் இதே ஜங்காதாதான். 1881 ஜனவரியில் அந்தப் படகோட்டிகள் இனி ஓர் அடிமையையும் ஏற்ற மாட்டோம் என்று துடுப்பைக் கீழே போட்டார்கள். அந்தப் போராட்டத்தோடு சேர்த்து நினைக்கப்படுபவர் பிரான்சிஸ்கோ ஜோசே தோ நாசிமெந்தோ. கலப்பின மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். கடலின் டிராகன் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் சியாரா மாகாணம் அடிமைமுறையை ஒழித்தது. நாடு முழுவதும் ஒழிய 1888 மே 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசி நாடு பிரேசில். ஜங்காதாவைப் பார்த்து உருகிப் பாடுகிற பாட்டுகளில் இந்த 1881ஐ நாங்கள் அதிகம் கேட்டதில்லை.

சரி, மேட்டுக்குடியின் காதல் பாட்டு எங்கிருந்து வந்தது? அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரேசிலின் பழைய காதல் பாட்டு வடிவம் மொதின்யா. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிஸ்பன் வரவேற்பறைகளில் அதைப் பாடிப் புகழ்பெற்றவர் தொமிங்கோஸ் கால்தாஸ் பர்போசா. போர்த்துகீசியத் தந்தைக்கும் அங்கோலாவிலிருந்து வந்த அடிமைத் தாய்க்கும் பிறந்தவர். லுண்டு என்ற ஆப்பிரிக்க வழி ஆட்டத்தின் துள்ளலையும், சென்சாலாவில் வளர்ந்த கொஞ்சல் சொற்களையும் அவர் காதல் பாட்டுக்குள் கொண்டுவந்தார். சீமாட்டிகள் சொக்கினார்கள். 1798இல் அவர் பாடல்கள் நூலாகவும் வந்தன. அதே நேரத்தில் பொகாஜெ போன்ற பெருங்கவிஞர்கள் அவருடைய ஆப்பிரிக்க வழியைக் குறித்து இழிவாக எழுதினார்கள். பாட்டு உள்ளே வரலாம், பாடியவனின் தாய் வாசலில் நிற்க வேண்டும்.

நம் பார்வையில் இந்த வரலாற்றின் மிகக் கனமான பகுதி தாலாட்டு. காதல் என்றதும் ஆண்–பெண் காதலை மட்டும் பேசிவிட்டு நகர்வது எங்களுக்கு உடன்பாடில்லை. பிரேசிலில் வசதியுள்ள வெள்ளையர் வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தவள் அடிமைப் பெண். வாடகைக்கும் விடப்பட்டாள். ரியோவின் 19ஆம் நூற்றாண்டு நாளிதழ்களில் பால்தாய் வாடகைக்கு என்ற விளம்பரங்கள் குவிந்து கிடக்கின்றன. நல்ல பால், முதல் பிரசவம் என்று மாட்டுச் சந்தை மொழியில். அவளுடைய சொந்தக் குழந்தை எங்கே? பல விளம்பரங்களில் குழந்தை இல்லாமல் என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். குழந்தை செத்திருக்கலாம், வேறிடத்தில் விடப்பட்டிருக்கலாம். கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்கும் சுழல்பெட்டி ஒன்று அறநிலையச் சுவரில் இருக்கும். வெளியே நின்று குழந்தையை வைத்துச் சுற்றினால் உள்ளே போய்விடும். பெண்ணைப் பால்தாயாக வாடகைக்கு விடுவதற்காகவே அவள் குழந்தையை அதில் போட்ட எஜமானர்கள் உண்டு.

அவள் மடியில் எஜமானின் குழந்தை. அவள் பாடுகிறாள். அந்தத் தாலாட்டு யாருக்கு?

ரெசிஃபி நகரில் 1860 வாக்கில் எடுத்த புகைப்படம் ஒன்று பிரேசில் வரலாற்று நூல்களில் அடிக்கடி வரும். நல்ல உடை உடுத்திய கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வெள்ளைச் சிறுவன் அவர் தோளில் சாய்ந்து, இரு கைகளாலும் அவரைப் பற்றியிருக்கிறான். அந்தப் பற்றுதல் உண்மையானது. படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க முடியாது. சிறுவனின் பெயர் அவுகுஸ்தோ கோமெஸ் லெயால். பெண்ணின் பெயர் மோனிக்கா. அவ்வளவுதான், மோனிக்கா. குடும்பப் பெயர் இல்லை. அந்தப் பற்றுதலைக் காட்டித்தான் பிற்காலத்தில் பிரேசில் தனக்கு ஒரு கதை கட்டிக்கொண்டது. 1933இல் ஜில்பெர்தோ ஃப்ரெய்ரெ எழுதிய புகழ்பெற்ற நூல் அதில் பெரும்பங்கு வகித்தது: மாளிகையும் சென்சாலாவும் அன்பால் கலந்தன, கறுப்பினத் தாயின் மடியில் நாடு வளர்ந்தது, எனவே இங்கே இனவெறி இல்லை. அந்த அன்புக்கு அவள் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதைக் கதை பேசவில்லை.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர் லேலியா கொன்சாலெஸ். தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த கறுப்பின அறிஞர், இயக்கத்தவர். மாளிகைப் பிள்ளைக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தவள் பால்தாய்தானே என்றார் அவர். அப்படியானால் பிரேசில் பேசுவது போர்த்துகீசியமே அல்ல. கறுப்புத்துகீசியம் என்று தமிழில் சொல்லக்கூடிய ஒரு புதுச் சொல்லை அதற்குச் சூட்டினார். தாலாட்டில் தூங்கியவன் அவளுடைய மொழியில் விழித்தான். அவள் அன்பு செலுத்தியதைப் பணிவென்று படிக்காதீர்கள், அவள் கைமாற்றியதைப் பாருங்கள் என்பது அவர் வாதம். எங்களுக்கு இதில் முழு ஆறுதல் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். சுழல்பெட்டியில் போடப்பட்ட குழந்தைக்கு அந்தத் தாலாட்டு கேட்கவில்லை.

சாவ் பாவ்லோ நகரின் பைசாந்து சதுக்கத்தில், கறுப்பின மக்கள் கட்டிய ஜெபமாலை மாதா கோயிலின் அருகே, 1955இல் நிறுவிய பால்தாய் சிலை ஒன்று இருக்கிறது. இன்றும் அதன் காலடியில் யாராவது பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு என்ன ஆயிற்று? நிலம் தரவில்லை, கூலி பாக்கி தரவில்லை. வசோராஸ் முதியவர்கள் ஸ்டைனிடம் பாடியவற்றில் நிலம் இல்லாத விடுதலையைக் குத்திக்காட்டும் ஜோங்கோவும் உண்டு. 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ருய் பர்போசா, அடிமைமுறை தொடர்பான அரசு ஆவணங்களை எரிக்க உத்தரவிட்டார். எஜமானர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடக் கூடாது என்பதே நோக்கம் என்பார்கள். நோக்கம் எதுவானாலும், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், பாட்டி எந்த ஊருக்கு விற்கப்பட்டாள் என்று தேடும் பேரனுக்குப் பல இடங்களில் சாம்பல்தான். மிஞ்சியது வாய்மொழி. மலுங்கோ என்ற சொல் மிஞ்சியது. ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்தார்கள். இரத்த உறவெல்லாம் அறுந்த இடத்தில் கப்பலையே உறவாக்கிக்கொண்ட சொல்.

அதே 1890இல் வந்த தண்டனைச் சட்டம் கப்போயராவைக் குற்றமாக்கியது. வேலையில்லாமல் திரிவதும் குற்றம். முரசோ பாந்தெய்ரோ என்ற கஞ்சிராவோ கையில் இருந்த கறுப்பின ஆணைப் போலீஸ் பிடிப்பது சாதாரணம். புகழ்பெற்ற சம்பா கலைஞர் ஜோவாவ் தா பாயியானாவின் பாந்தெய்ரோவைப் போலீஸ் பறித்ததும், செனட்டர் ஒருவர் தன் கையெழுத்திட்ட புதிய பாந்தெய்ரோவை அவருக்குக் கொடுத்ததும் சம்பா வரலாற்றில் எல்லாரும் சொல்லும் கதை. பெரிய மனிதரின் கையெழுத்து இருந்தால்தான் தோலைத் தட்டலாம். பிறகு இதே சம்பா நாட்டின் முகமானது. 1932 கார்னிவலில் வெற்றிபெற்ற ஒரு பாட்டு, கலப்பினப் பெண்ணின் நிறம் ஒட்டிக்கொள்ளாது என்பதையே சமாதானமாக வைத்து அவளிடம் காதல் கேட்கிறது. தொட்டால் ஒட்டுமா என்ற கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று நமக்குத் தெரியாதா? அந்தப் பாட்டை இனி வாசிக்க மாட்டோம் என்று சில கார்னிவல் குழுக்கள் 2017இல் முடிவெடுத்தபோது, காதல் பாட்டில் என்ன அரசியல் என்று பெரிய கூச்சல் எழுந்தது.

காதலிக்கப்படுபவளாக மட்டும் இல்லாமல் பாடுபவளாகவும் அவள் இருந்ததைப் பார்க்க பாயியாவுக்குப் போக வேண்டும். ரெகோன்காவு பகுதியின் சம்பா தெ ரோதாவில் பெண்கள் வட்டத்துக்குள் ஒவ்வொருவராக வந்து ஆடி, அடுத்தவளை வயிற்றால் தொட்டு அழைத்துவிட்டுப் போவார்கள். தட்டும் கத்தியும் அங்கே இசைக்கருவி. பீங்கான் தட்டின் விளிம்பில் மேசைக் கத்தியை உரசி வாசிப்பதில் பேர்போனவர் சாந்தோ அமாரோ ஊரின் தோனா எதித். சமையலறையில் நாள் முழுக்கக் கழுவிய பொருளையே எடுத்து வாசித்தார்கள்.

கிளெமெந்தினா தெ ஜெசுஸ் 1901இல் வலென்சாவில் பிறந்தார். அதுவும் காப்பிப் பள்ளத்தாக்குதான். தாய் வேலை செய்துகொண்டே பாடிய ஜோங்கோக்களையும் பழைய ஆப்பிரிக்கச் சொல் கலந்த பாட்டுகளையும் கேட்டு வளர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் வீட்டு வேலை செய்தார். மேடை ஏறியபோது அவருக்கு வயது 63. அந்தக் கரடுமுரடான கனத்த குரலைக் கேட்டு ரியோவின் இசை விமர்சகர்கள் அசந்துபோனார்கள். ஏதோ ஆப்பிரிக்காவே நேரில் வந்து பாடுகிறது என்கிற மாதிரி எழுதினார்கள். ஆப்பிரிக்கா எங்கிருந்தும் வரவில்லை. அடுத்த தெருவில் அவர்கள் வீட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தது. 1982இல் அவர் பங்கேற்று வெளிவந்த 'அடிமைகளின் பாட்டு' என்ற இசைத்தட்டில் இருப்பவை விசுங்கோக்கள். மினாஸ் ஜெராய்ஸ் வைரச் சுரங்கங்களில் மண் அலசும்போதும், இறந்தவரை வலைத்தொட்டிலில் கட்டி மலைப்பாதையில் சுமந்து போகும்போதும் பாடியவை. அய்ரெஸ் தா மாத்தா மச்சாதோ ஃபில்யோ 1928 முதல் அவற்றைத் தேடிச் சேகரித்தார். அப்போதே பாடுபவர்களில் பலருக்குச் சொற்களின் பொருள் மங்கிப்போயிருந்தது. பொருள் மங்கிய பிறகும் ஏன் பாடினார்கள்? சொன்னவர் பாடினார், அதனால் பாடினார்கள். ஏக்கத்துக்கு இதைவிடச் சுத்தமான வடிவம் எங்களுக்குத் தெரியவில்லை.

அதே மினாஸ் ஜெராய்ஸின் வடகிழக்கில் ஜெக்கித்தின்யோன்யா பள்ளத்தாக்கு. பல்லாண்டுகளாக அங்குள்ள ஆண்கள் பலர் ஆண்டில் பாதிக்கு மேல் சாவ் பாவ்லோ கரும்பு வயல்களில் வெட்டுக்கூலிகளாக இருந்தார்கள். ஊரில் இருந்த மனைவிகளுக்கு உயிரோடிருக்கும் கணவனின் விதவைகள் என்று பெயர். ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள் பாடும் பாட்டுகள் அந்தப் பள்ளத்தாக்கின் பேர்பெற்ற செல்வம். விற்பனை நின்றுவிட்டது, பிரிவு நிற்கவில்லை.

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, பிரேசிலின் கறுப்பினப் பெண்கள் பெருந்திரளாக வந்திருந்தார்கள். மாநாட்டின் தலைமை அறிக்கையாளர் பொறுப்பே அவர்களில் ஒருவரான எட்னா ரோலண்ட் வசம் இருந்தது. சாதியையும் பேச வேண்டும் என்று இந்தியாவிலிருந்து போன தலித் அமைப்புகளும் அங்கே முரசறைந்தன. இந்திய அரசு அதை எதிர்த்தது. அந்த ஆண்டுக்குப் பிறகாவது நாம் பிரேசிலைக் கால்பந்து நாடாக மட்டும் பார்ப்பதை நிறுத்தியிருக்க வேண்டும்.

கடைசியாக பிராகுயிக்குப் போவோம். ரியோவுக்கு மேற்கே, ஆங்ரா தோஸ் ரெய்ஸ் கடற்கரையில் உள்ள ஊர். 1852 டிசம்பரில், வணிகம் தடை செய்யப்பட்ட பிறகு, கமார்கோ என்ற கப்பல் அங்கேதான் ஆப்பிரிக்கர்களைக் கள்ளத்தனமாக இறக்கியது. இறக்கியதும் தடயம் இருக்கக் கூடாதென்று கப்பலை எரித்துவிட்டார்கள். அதன் கேப்டன் நத்தானியேல் கோர்டன் பத்தாண்டு கழித்து வேறொரு பயணத்துக்காக நியூயார்க்கில் தூக்கிலிடப்பட்டான். பிராகுயியின் நிலவுடைமையாளர் ஜோசே தெ சவுசா பிரேவெஸ் 1870களில் எழுதிய உயிலில் அந்த நிலத்தை அங்கிருந்த முன்னாள் அடிமைகளுக்கு விட்டுப்போனார். அவர்களின் வழித்தோன்றல்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். 1970களில் ரியோ–சாந்தோஸ் நெடுஞ்சாலை வந்தது. கடற்கரை விலை ஏறியது, மாளிகைகளும் படகுத்துறையும் வந்தன, மக்கள் மலையடிவாரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். உயில் இருந்தும் அந்த நிலத்துக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது.

1988 அரசமைப்புச் சட்டம், தப்பியோடிய அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் உண்டாக்கிய கிலொம்போ சமூகங்களுக்கு அவர்கள் வாழும் நிலத்தின் மேல் உரிமை உண்டு என்றது. அப்படியானால் நீங்கள் அந்தச் சமூகம்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வரும். காகிதம் சாம்பலாகிவிட்டது. பிராகுயி மக்கள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று ஜோங்கோ. தாத்தா பாட்டியர் ஆடி, இடையில் நின்றுபோயிருந்ததை இளைஞர்கள் 2000களில் மீண்டும் கையிலெடுத்தார்கள். 2005இல் தென்கிழக்கின் ஜோங்கோ நாட்டின் பண்பாட்டு மரபாக அரசால் பதிவு செய்யப்பட்டது. யார் யாரைப் பிரிந்து ஏங்கினார் என்று பாடிய பாட்டு, யார் எங்கே வேரூன்றினார் என்பதற்குச் சாட்சியாக அரசு அலுவலகத்தில் போய் நின்றது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாகக் கிலொம்போ மக்களைத் தனியே எண்ணினார்கள். 13 லட்சத்துக்கு மேல் வந்தது. அவர்களில் பட்டா கிடைத்த நிலத்தில் வாழ்பவர்கள் இருபதில் ஒருவருக்கும் குறைவு. வலென்சாவின் மலைமேல் உள்ள சாவ் ஜோசே கிலொம்போவில் ஆண்டுதோறும் மே மாதம் தீ மூட்டி, முரசைச் சூடேற்றி, விடியும்வரை ஜோங்கோ ஆடுகிறார்கள்.